வெளியேறிய நேரம்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமாம்:
"உள்துறை அமைச்சர் அலுவலகத்தின் வரலாறு,
படம் போக மீதி இடத்தில்."
ரீகாவில் பிப்ரவரி. தௌகவா உறைந்து கிடக்கிறது,
பனியில் துளையிட்டு மீனுக்குக் காத்திருக்கிறார்கள் சிலர்.
தளவாடப் பிரிவின் வெல்தா ஸ்குயின்யா
பெயர்ப்பட்டியலை ஒதுக்கிவிட்டுக்
கதவை எண்ணப் போனாள்.

ஓக் மரக் கதவு. தளவாட எண் 0417.
கண் மட்டத்தில்
பெயர்ப்பலகைகள் திருகிய துளைகள்.
சுண்டுவிரல் நகத்தால் தடவித் தடவி
அறுபத்திரண்டு என்று எழுதினாள்.
பலகைக்கு இரண்டு வீதம் முப்பத்தொன்று.
பட்டியலில் இருப்பதோ இருபத்தெட்டுப் பேர்.
மூவருக்குப் பலகை மாட்டியிருக்கிறார்கள்,
வரலாறு மாட்டவில்லை.

முதல் அமைச்சருக்கு நாற்காலி இல்லை.
பல் மருத்துவர் ஒருவர் இரவல் கொடுத்தார்.
வாங்கியதற்கு ரசீது இருக்கிறது,
திருப்பியதற்கு இல்லை.
ஒருவர் பதினொரு நாள் இருந்தார், ஒரு புட்டி மை வாங்கினார்,
மிச்ச மை அடுத்தவர் கையெழுத்தில் உலர்ந்தது.
ஒருவர் ஜன்னலோரம் வெள்ளரி நாற்று வளர்த்தார்.
முப்பத்துநான்கில், ஒரு மே மாத இரவுக்குப் பிறகு,
இரண்டாவது தொலைபேசி வந்தது.
அதில் எண் சுழற்றும் வட்டு இல்லை.
எடுத்தால் போதும்.

நாற்பதில் பலகையின் எழுத்து மாறியது,
அமைச்சர் கமிசார் ஆனார்.
அடுத்த கோடையில் எழுத்து இன்னொரு தரம் மாறியது,
மூன்று ஆண்டு கழித்துத் திரும்பவும்.
நாற்பத்தாறில் மாஸ்கோ சொல்லிக்
கமிசார் மறுபடி அமைச்சரானார்:
அதே மனிதர், அதே தேநீர்க் கோப்பை,
புதிதாக இரண்டு துளை.

எல்லோருக்கும் தச்சர் ஒருவர்தான், தாம்பெர்க்ஸ்.
அவர் கணக்கில் ஆட்சி மாறவே இல்லை.
"பலகை கழற்றியது. பலகை மாட்டியது. திருகு இரண்டு."
விலை மட்டும்
லாட்ஸ், ரூபிள், மார்க், ரூபிள்.

அப்புறம் அந்த நீலப் பேரேடு.
வந்துபோனவர் பதிவு, நான்கு பத்தி:
பெயர். யாரைக் காண. உள்ளே. வெளியே.
தபால்காரர், உள்ளே 9.10, வெளியே 9.14.
பியானோ ஆசிரியை, உள்ளே 10.05.
அவ்வளவுதான். ஒரு கோடுகூட இழுக்கவில்லை.
பால்பண்ணைக்காரர் ஒருவர்.
அண்ணன், தம்பி, அடுத்தடுத்த வரியில்.
ஜூன் பக்கம் நெடுக நான்காம் பத்தி
தௌகவாவைப் போல வெள்ளை,
மீன்காரன் துளைகூட இல்லாமல்.

"உள்ளே போட்டுவிட்டார்கள்" என்று
பேச்சுவாக்கில் சொல்கிறோம்.
அந்தச் சொல்லுக்கு இவ்வளவு அழகான கையெழுத்து
இருக்குமென்று யார் நினைத்தது?
உள்துறை.
துறை என்றால் கரையும்தானே,
இறங்கின படியில் ஏறி வரலாம்.

புதிய அமைச்சர் கண்ணாடிக் கதவு கேட்டார்.
"இனி ஒளிவுமறைவு இல்லை."
பெயர் அலுமினியத் தடத்தில் வழுக்கி உட்காரும்,
வழுக்கி வெளியே வரும்,
திருகே வேண்டாம்.
வெல்தா பக்கத்தை எழுதிக் கொடுத்தாள்:
இருபத்தெட்டுப் பெயர், தேதிகள்,
கண்ணாடியில் எதிர்த்த கட்டடம் தெரியும் படம்.
நன்றாக இருக்கிறது என்றார்கள்.

பிறகு கிடங்குக்கு இறங்கினாள்.
ஓக் கதவு சுவரில் சாய்ந்திருந்தது, கைப்பிடி இல்லாமல்.
கழிவுப் படிவத்தில்
சேதம் என்ற இடத்தில்: துளைகள், அறுபத்திரண்டு.
காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்து,
எடுத்து,
கீழே பெரிதாக எழுதினாள்:
கழிக்கத் தகாதது.
பேரேட்டுக்கும் அதே எண் கொடுத்தாள், பக்கத்தில் ஓர் 'அ' சேர்த்து.

மாலை 6.42.
வாசல் எந்திரத்தில் அட்டையைக் காட்டினாள், பச்சை விளக்கு எரிந்தது.
படியில் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து
காவலரைக் கேட்டாள்:
"நான் வெளியே போனது
பதிவாகிவிட்டதா, பாருங்களேன்."